அடிக்கு ஒரு நூல்

கணப்பில் கரியைத் தாங்கும் இரும்புத் தட்டின் இடப்பக்கம் விளிம்பில் உட்கார்ந்தது. வலப்பக்கம் சாம்பல் குழிக்குள் இறங்கிவிட்டது. ஐனா ரென்னி அதைத் தூக்கி, சற்று வலப்புறம் தள்ளி வைத்தாள். இப்போது வலப்பக்கம் உட்கார்ந்தது, இடப்பக்கம் விழுந்தது. இரும்பு செங்கல்லில் மோதிய சத்தம் அந்தச் சிறிய அறையில் பெரிதாகக் கேட்டது.

“சின்னதா இருக்கே, பொண்ணே” என்றாள் நாற்காலியிலிருந்து மிமா பர்வெஸ்.

“இல்ல. வைக்கிற விதமா வைக்கணும்.”

“அஞ்சு தடவை வச்சுட்ட. எனக்குக் கண்ணுதான் மங்கல். காது நல்லாவே இருக்கு. அஞ்சு தடவை விழுந்துச்சு.”

ஐனா மறுபடி தட்டைத் தூக்கி வைத்தாள். செய்தித்தாளை விரித்து அதன்மேல் மண்டியிட்டிருந்தாள். மேல்கோட்டைக் கழற்றவில்லை. வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாகத் தெரிந்தது. கைவிரலைத் தட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் விட்டுப் பார்த்தாள். இடைவெளி விரல்நகத்தின் அகலம்கூட இல்லை. ஆனால் கணப்பின் உள்விளிம்பு எழுபது வருட நெருப்பில் தேய்ந்து, தட்டைத் தாங்க ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இரும்புதான் மிச்சமிருந்தது. விரல்நகம் அளவு குறைந்தால் போதும், தட்டு நிற்காது.

பழைய தட்டு நடுவில் உருகித் தொய்ந்து, ஒன்பது நாட்களுக்கு முன் இரண்டாக உடைந்துபோனது. அன்றிலிருந்து மிமா இரண்டு கம்பளிகளுக்குள் இருந்தாள். வயது எண்பத்தொன்று. கொல்லையில் கரிக்கொட்டகை கூரை வரைக்கும் நிறைந்திருந்தது. அவள் புருஷன் வாட்டி முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சில் தூசியோடு செத்துப்போனவன். அதற்காக மாதாமாதம் ஒரு லாரி வந்து கரியை இலவசமாகக் கொட்டிவிட்டுப் போகும். அவள் உயிரோடு இருக்கும்வரை வரும், கணப்பு இருக்கும்வரை.

கணப்புதான் இப்போது சந்தேகத்தில் இருந்தது. தெரு முழுக்கக் கணப்புகளைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு மின்சாரக் கணப்பு மாட்டுவது என்று நகராட்சி முடிவெடுத்திருந்தது. ஆய்வாளர் வந்து பார்த்து நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதினால் மட்டும் விட்டுவிடுவார்கள். ஆய்வாளர் நாளை, வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு வருகிறார்.

“அந்த கரண்டு அடுப்பு வந்தா நான் போட மாட்டேன் ஐனா” என்றாள் மிமா. “சுவிட்சுல கைய வச்சாலே மீட்டரு ஓடுற நெனப்பு வரும். கம்பளிக்குள்ளயே கெடந்து செத்துருவேன். சும்மா சொல்லல.”

“தெரியும்.”

“வாட்டியோட கரின்னா அந்த நெனப்பே வராது.”

“தெரியும் மிமா. நான்தான் இருக்கேன்ல?” ஐனா தட்டைக் கோணிப்பைக்குள் திணித்தாள். எழுந்தபோது முட்டி இரண்டும் சொடுக்கின. “இத வார்த்துக் குடுத்த அந்த ஷுக் லிண்ட்சே கழுத்த இன்னிக்குத் திருகப் போறேன். இரும்பு ஆறினா சுருங்கும்னு மறந்துட்டான் போலிருக்கு.”

“திருகுறதுக்கு முன்னால புதுசு ஒண்ணு செஞ்சு வாங்கிக்கோ” என்றாள் மிமா.

பால்கர்க் பேருந்துக்கு இருபது நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. மழை பெய்யவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. பையைக் கீழே வைத்தால் நனையும் என்று ஐனா அதை இடுப்பில் தாங்கிக்கொண்டு நின்றாள். வயது அறுபது. இப்படி யாருடைய வீட்டு இரும்பையோ இடுப்பில் வைத்துக்கொண்டு பேருந்துக்கு நிற்பது இந்த மாதத்தில் நான்காவது தடவை.

பதினைந்து வயதில் பர்ன்ஹெட் இரும்பு வார்ப்பாலையின் உதிரிபாகப் பிரிவில் சேர்ந்தவள். அங்கே முப்பத்தேழு வருடம். நாடு முழுவதிலிருந்தும் கடிதம் வரும். கணப்பின் கதவுப்பிடி உடைந்துவிட்டது, புகைத்தடுப்பு வளைந்துவிட்டது, சாம்பல் மூடியைக் காணவில்லை. பாகத்தின் முதுகில் வார்த்திருக்கும் எண்ணைச் சிலர் எழுதுவார்கள். சிலர் பென்சிலால் படம் வரைந்து அனுப்புவார்கள். ஒரு பாதிரியார் சாம்பல் மூடியின் படத்தை வரைந்து, அருகில் அளவுக்காகத் தன் நாயையும் வரைந்திருந்தார். ஐனா பதிவேட்டில் தேடி, கிடங்குக்குச் சீட்டு அனுப்பி, பதில் எழுதுவாள்.

அவள் மேசையில் மூன்று ரப்பர் முத்திரைகள் இருந்தன. ‘அனுப்பப்பட்டது’, ‘தயாரிப்பில் இல்லை’, ‘பின்னால் வரும்’. ஆலை மூடுவதற்கு இரண்டு வருடம் முன்பு மேலாளர் வந்து நடு முத்திரையை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தயாரிப்பில் இல்லை என்று சொன்னால் ஆலை மூடப்போகிறது என்று வெளியில் பேசுகிறார்களாம். அதன்பிறகு எல்லாவற்றுக்கும் ‘பின்னால் வரும்’ தான். வார்ப்புக்கான மர மாதிரி உடைந்துபோனவற்றுக்கும், மாதிரியை எரித்துவிட்டவற்றுக்கும், அவளே வேலைக்குச் சேராத காலத்தில் நிறுத்திவிட்ட பாகங்களுக்கும் அதே முத்திரை. ஆலை மூடிய அன்று அவள் இழுப்பறையில் நானூற்றுச் சொச்சம் சீட்டுகள் அந்த முத்திரையோடு கிடந்தன.

ஆலைச் சாமான்களை ஏலம் விடுவதற்கு முந்தின நாள் பதிவேடுகள் பதினொன்றையும் கைவண்டியில் வைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவை அவள் கட்டிலுக்கடியில் இருந்தன. அது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. ஆட்கள் உடைந்த இரும்பைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். எட்டு வருடமாக வந்துகொண்டிருக்கிறார்கள். அவள் வீட்டில் கணப்பே இல்லை. எரிவாயு அடுப்பு மாட்டிப் பதினைந்து வருடம் ஆயிற்று. குனிந்து சாம்பல் அள்ள அவளுக்குப் பிடிப்பதில்லை.

ஷுக்கின் பட்டறை பால்கர்க்கில் ரயில்பாலத்தின் வளைவுக்கு அடியில் இருந்தது. முன்பு பர்ன்ஹெட் ஆலையில் இருந்தவன், இப்போது சாக்கடை மூடிகளும் கல்லறை வேலிக் கம்பிகளும் வார்ப்பான். வெள்ளிக்கிழமை மட்டும் உலை மூட்டுவான். மற்ற நாட்களில் மணலில் அச்சுத் தயாராகும். ஐனா உள்ளே நுழைந்தபோது பன்னுக்குள் வைத்த பொரித்த முட்டையைத் தின்றுகொண்டிருந்தான். மஞ்சள்கரு மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.

“வாங்க ஆபீசம்மா. உக்காந்துச்சா?”

ஐனா பையை அவன் மேசையில் போட்டாள். முட்டைத் தட்டு துள்ளியது.

“விழுந்துச்சு. டேய் ஷுக், எத்தன வருஷமாடா இரும்பு ஊத்துற? ஆறினா சுருங்கும்னு உனக்கு யாரும் சொல்லலையா?”

“எங்கம்மா பால்ல கலந்து குடுத்தாங்க அத.” கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தட்டை வெளியே எடுத்தான். எஃகு அளவுகோலை அதன்மேல் வைத்தான். “பதினேழே முக்கால் அங்குலம், அதுக்கு மேல அரை நூல். நீங்க என்ன எழுதிக் குடுத்தீங்க?”

அவள் எழுதிக்கொடுத்த சீட்டு சுவரில் ஆணியில் குத்தியிருந்தது. அழகான, சாய்ந்த எழுத்து. பதினேழே முக்கால், அரை நூல். கீழே கோடுகூடப் போட்டிருந்தாள்.

“எழுதினபடி இருக்கு” என்றான் ஷுக். “அப்ப அவங்க வீட்டுக் கணப்பு ஒரு வாரத்துல வளந்துருச்சா? கஞ்சி நெறைய ஊத்துறாங்களோ?”

“கேலி பண்ணாத.”

“எத வச்சு அளந்தீங்க?”

அவள் கைப்பையிலிருந்து இரண்டடி மர அளவுகோலை எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் நிற மரம், பித்தளை மூட்டு, நடுவில் மடங்குவது. ஷுக் அதை விரித்து, தன் எஃகுக் கோலுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டின் ஆரம்ப முனையையும் கட்டைவிரலால் சேர்த்தான். கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோனான்.

எஃகுக் கோலில் பன்னிரண்டு அங்குலம் முடிந்த இடத்தில் மரக்கோலின் பன்னிரண்டு முடியவில்லை. ஒரு நூல் தள்ளி முடிந்தது. இருபத்துநாலில் இரண்டு நூல்.

ஐனாவும் பார்த்தாள்.

உருக்கிய இரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும். அதனால் வார்ப்பாலையில் மர மாதிரி செய்கிறவர்களுடைய கோலில் ஒவ்வொரு அடியும் ஒரு நூல் கூடுதலாக இருக்கும். அந்தக் கோலால் மரத்தை அளந்து வெட்டினால் இரும்பு சரியாக வந்து நிற்கும். மற்ற எதை அளந்தாலும் தப்பு. அந்த ஊரில் அதற்குப் பெயர் பொய்க்கோல். ஆலையில் வேலை பார்த்த ஆண்கள் சட்டைக்குள் வைத்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஊரில் பாதி வீடுகளில் தரைவிரிப்பு சுவரைத் தொடாமல் குட்டையாக நிற்கும். ஐனாவின் அம்மா ஒருமுறை அதால் ஜன்னலை அளந்து கடையில் திரை வாங்கிவந்தாள். பன்னிரண்டு வருடம் அந்த ஜன்னலுக்குக் கீழே வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அப்பா மாதிரி செய்கிறவர். திரையைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்.

ஐனாவின் சமையலறை இழுப்பறையில் அப்பாவின் சாதாரணக் கோலும் பொய்க்கோலும் ஒன்றாகத்தான் கிடந்தன. பொய்க்கோலில் குத்தியிருந்த எழுத்து கட்டைவிரல் பட்டுப்பட்டு அழிந்துவிட்டது. ஆனாலும் மூட்டின் இறுக்கத்தை வைத்து அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் தெரியும். போன வியாழக்கிழமை காய்ச்சலோடு எழுந்து, கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

“பொய்க்கோலு!” ஷுக் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். “ஐயோ ஆபீசம்மா! சேந்த முதல் நாளே எங்க கையில அடிச்சுச் சொல்லிக் குடுப்பாங்களே இத! நீங்களுமா? இத நான் கடை கடையாப் போய்ச் சொல்லப் போறேன்…”

அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மடக்குநாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள். கோட்டிலிருந்து தண்ணீர் மணலில் சொட்டியது.

“உலைய இன்னிக்கு மூட்ட முடியாதா?”

“ஒரு தட்டுக்கா? புதன்கெழமையா? அச்சு ஒண்ணும் காயல. கருமான்கிட்டப் போய் ரொட்டி கேக்குற மாதிரி இருக்கு. வெள்ளிக்கெழமை மொத ஊத்து உங்களுக்கு. அதுக்கு மேல என்னால ஆகாது.”

“நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றான்டா.”

ஷுக் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “காது வச்சுத் தரட்டுமா? ரெண்டு பக்கமும் எஃகுத் துண்டு, ஆணி முடுக்கி. உக்காரும். மேலேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, கரி மூடிரும்.”

“எத்தன நாளைக்கு?”

“எரிக்கிறதப் பொறுத்து. ஒரு மாசம் தாங்கும். ரெண்டு மாசம் தாங்கலாம். செவக்கச் செவக்க வளையும். அப்புறம் ஒருநாள் முன்பக்கமா சரியும், மொத்த நெருப்பும் கம்பளத்துல கெடக்கும்.”

மிமா நாற்காலியிலேயே தூங்குகிறவள். கால்கள் அந்தக் கம்பளத்தில்தான் இருக்கும்.

“வச்சுக் குடு” என்றாள் ஐனா.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் தட்டைப் பொருத்திக் கரி மூட்டினாள். பத்து மணிக்கு அறை சூடாகிவிட்டது. மிமா ஒரு கம்பளியைக் கழற்றி மடித்து வைத்தாள். சிறிது நேரத்தில் இரண்டாவதையும். கால்களை நீட்டிக்கொண்டாள். முகத்தில் நிறம் வந்திருந்தது. தட்டின் எஃகுக் காதுகளைப் பற்றி ஐனா அவளிடம் சொல்லியிருந்தாள்.

“நாளைக்கு வேற தட்டு வரும். அது வரைக்கும் ராத்திரி எரிக்கக்கூடாது.”

“சரி சரி. அவன்கிட்ட வாயத் தொறக்காத. போனப்புறம் மாத்திக்கலாம். நெருப்பு மூட்டின பெறகு அடியில எவன் பாக்கப் போறான்?”

நகராட்சியிலிருந்து வந்த லோகி என்கிற அந்த ஆளுக்கு முப்பது வயதிருக்கும். சளிபிடித்து மூக்கு சிவந்திருந்தது. காலணி நனைந்து ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டது. அவனுக்கு அந்த வாரம் அறுபது வீடுகள். வந்ததும் கணப்பின் முன்னால் நின்று கைகளை நீட்டினான். ஆய்வுக்கா குளிருக்கா என்று சொல்ல முடியவில்லை.

“நல்லா எரியுதே” என்றான். “தட்டு புதுசுன்னு சொன்னாங்க. மிஸ் ரென்னி குடுத்ததுதானா?”

“இவதான்” என்றாள் மிமா.

“அப்பச் சரி. ரென்னி சீட்டு இருந்தா அடியில படுத்துப் பாக்க வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. நீங்க எழுதிக் குடுத்துருங்க மேடம், இதுலயே ஒட்டிக்கிறேன்.”

அவன் நீட்டிய தாளில் இரண்டு கட்டங்கள். ‘நல்ல நிலை’, ‘நல்ல நிலையில் இல்லை’. கீழே பாகம் கொடுத்தவர் எழுத ஒரு வரி.

ஐனா மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். பாகத்தின் எண்ணை எழுதினாள். அது கை தானாக எழுதும் எண். அதற்குப் பிறகு பேனா நின்றது. முதுகில் நெருப்பின் சூடு இதமாக இருந்தது. மிமா தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

எழுதினாள். ‘தற்காலிகம். அளவில் குறை. தவறு என்னுடையது. சரியான தட்டு பின்னால் வரும்.’ கடைசி இரண்டு சொற்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்த இரண்டு சொற்களை எத்தனை ஆயிரம் தடவை முத்திரை குத்தியிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. கையால் எழுதியது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் ‘வெள்ளிக்கிழமை’ என்று சேர்த்தாள்.

லோகி படித்தான். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான்.

“இத நீங்க எழுதாம இருந்திருக்கலாம்.”

“ஆமா.”

“எழுதிட்டீங்க. இப்ப நான் எப்படி நல்ல நிலைன்னு போடுறது?”

“என்னடி எழுதின?” என்றாள் மிமா. “தம்பி, என்ன எழுதியிருக்கா?”

அவன் படித்துச் சொன்னான். மிமா நீட்டியிருந்த கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“உன்னக் கேட்டானாடி? அவனே வேண்டாம்னு சொல்றான், நீ கூப்பிட்டுக் காட்டுற. முப்பத்தேழு வருஷம் ஊர் பூராவுக்கும் பொய்யா முத்திர குத்துனியே. இன்னிக்கு என் வீட்டுக்கு வந்துதான் உனக்கு உண்ம பேசணுமா?”

ஐனா பேனாவை மூடினாள்.

லோகி இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டான். “திங்கக்கெழமை காலையில கொத்தனாருங்க இந்தத் தெருவுக்கு வர்றாங்க. எட்டு மணிக்கு முன்னாடி நான் வந்து படுத்துப் பாப்பேன். சரியா இருந்தா விட்டுருவாங்க. இல்லன்னா அடைச்சுருவாங்க. என் கையில அவ்வளவுதான் இருக்கு.” கதவுவரைக்கும் போய்த் திரும்பினான். “நெருப்ப அணைச்சுருங்க. நான் பாத்துட்டுப் போய் எரிஞ்சா என் வேல போயிரும்.”

ஐனா எரிகிற கரியைக் கரண்டியால் வாளிக்குள் அள்ளினாள். மூன்று வாளி. ஒவ்வொன்றையும் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய் மழையில் கொட்டினாள். ஒவ்வொரு தடவையும் ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. மூன்றாவது வாளியோடு திரும்பியபோது மிமா கம்பளிகளை மறுபடி போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஐனா தட்டை எடுத்துவிட்டு, ஷுக்கிடம் வாங்கிவந்த எஃகுக் கோலால் கணப்பை அளந்தாள். முன்புறம் ஒருமுறை, பின்புறம் ஒருமுறை, மறுபடி முன்புறம். பதினெட்டு. சுடுதண்ணீர்ப் பையை நிரப்பி மிமாவின் மடியில் வைத்தாள். மிமா அதைத் தள்ளிவிடவில்லை. வாங்கிக்கொள்ளவும் இல்லை.

பட்டறைக்குப் போய் அளவைச் சொன்னாள். ஷுக் மர மாதிரியின் ஒரு ஓரத்தில் பட்டை ஒட்டி, தேய்த்து, சேர்த்து அளந்து காட்டினான். அவளும் அளந்தாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலையில் உறைபனி, பிறகு வெயில். ஐனா ஒன்பது மணிப் பேருந்தில் போனாள். பத்தரைக்கு உலை மூட்டினார்கள், பன்னிரண்டரைக்கு ஊற்றினார்கள். முதல் ஊற்று அவளுடையது. இரும்பு ஆறும்வரை மடக்குநாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஷுக் பாதிப் பன்னைக் கொடுத்தான், தின்றாள். நான்கு மணிக்கு மணலை உடைத்துத் தட்டை எடுத்தார்கள். பதினெட்டுக்கு அரை நூல் குறைவு, சூட்டில் விரிய இடம் விட்டு இருக்கவேண்டிய அளவு. கோணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தாள். தொடை வெதுவெதுப்பாக இருந்தது.

ஐந்தரைக்கு மிமா வீட்டில் பொருத்தினாள். இரண்டு பக்கமும் உட்கார்ந்தது. கையால் அழுத்தினாள், குதிகாலால் அழுத்தினாள், அசையவில்லை. கரி மூட்டினாள். மிமா பார்த்துக்கொண்டிருந்தாள். “நெறையப் போடாத” என்று மட்டும் சொன்னாள். தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. ஐனா செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு, திங்கட்கிழமை ஏழரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் வீட்டு வாசலில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே உடைந்த கீல் ஒன்றும், ஸ்டெர்லிங் முகவரி எழுதிய துண்டுச்சீட்டும். சமையலறை மேசையில் வைத்தாள். எரிவாயு அடுப்பை ஏற்றினாள். நேற்றைய பார்லிக் கஞ்சியைச் சூடாக்கிக் குடித்தாள். தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்துப் பொய்க்கோலின் மூட்டில் இறுக்கிக் கட்டி, இழுப்பறையில் போட்டாள். பிறகு ஆறாம் பதிவேட்டைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து, கீலின் எண்ணைத் தேட ஆரம்பித்தாள்.